ஆடியில் நாயனம், தையில் கும்மி: பாலக்காட்டுக் கிழக்கெல்லையில் ஓர் இசைப்பருவம் நடத்த

கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். ஆனாலும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான் பேச்சு. மேற்கே போனால் கல்பாத்தி அக்ரகாரத்துக் கச்சேரி. கிழக்கே போனால் கொங்கு உடுக்கையும் வள்ளி கும்மியும். வடக்கே அட்டப்பாடியில் இருளர்களின் கொகல் என்ற குழலும் பெறை என்ற பறையும். கோயில் நடையில் இடைக்கா என்ற சிறு தோல்வாத்தியத்தோடு சோபானப் பாட்டு, பகவதி கோயில் கூத்துமாடத்தில் கம்பன் பாடலைச் சொல்லி ஆட்டும் தோல்பாவைக்கூத்து. அரைநாள் பயணத்துக்குள் இவ்வளவும் கிடைக்கிற இடம் தென்னாட்டில் அதிகமில்லை. ஊர்க்காரர்களே கைக்காசு போட்டு ஆடி முதல் தை வரை, ஆவணி நீங்கலாக, மாதம் ஒரு நிகழ்ச்சி என்று இங்கே ஓர் இசைப்பருவத்தை நன்றாகவே நடத்தலாம்.

பெரும்பாலும் கெட்டுப்போவது தேதியில்தான். மண்டபம் காலியாக இருக்கும் நாளைப் பிடித்து, அந்த நாளுக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எந்த மாதத்துக் காற்றும் ஈரமும் எந்த வாத்தியத்துக்கு ஒத்துவரும், எந்த மாதத்தில் எந்தக் கலைஞருக்குப் பிழைப்பு குறைவு என்று முதலில் பார்க்க வேண்டும். மண்டபம் அதற்குப் பிறகு.

தமிழ்ப் பஞ்சாங்கம், மலையாளப் பஞ்சாங்கம் இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஆடி, அதாவது மலையாளக் கணக்கில் கர்க்கடகம், எல்லைக்கு இரு பக்கமும் முகூர்த்தம் இல்லாத மாதம். நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் கல்யாண வேலை நின்றிருக்கும். அப்போது அவர்களைக் கூப்பிட்டால் நல்ல ஜோடி கிடைக்கும், முகூர்த்த அவசரம் இல்லாமல் ஒரு ராகத்தை முக்கால் மணி நேரம் விரித்து வாசிக்க அவர்களுக்கும் இடம் கிடைக்கும், வருமானம் வறண்ட மாதத்தில் கையில் பணமும் சேரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் ஆடிச் செவ்வாய், வெள்ளி, ஞாயிறும் பதினெட்டாம் பெருக்கும் அம்மன் கோயில் நாட்கள். சனிக்கிழமை மாலையாகப் பார்த்து வைத்தால் யாருக்கும் சங்கடமில்லை.

ஆவணியை விட்டுவிடலாம். ஓணம், முகூர்த்தம் இரண்டும் சேர்ந்து மண்டபமும் ஆளும் கிடைக்காத மாதம். புரட்டாசியில் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் மண்டப வாடகை பேரத்துக்கு வரும். நவராத்திரிக்கு முந்தைய நாட்களில் தேவாரப் பண்ணிசையையும் சோபானத்தையும் வைக்கலாம். ஐப்பசி கடைசியில் கல்பாத்தித் தேர், அதையொட்டி அங்கே சங்கீத உற்சவம். அதற்குச் சென்னையிலிருந்து வருகிற பாடகர்களை முந்தின நாளோ மறுநாளோ நம் ஊருக்கும் அழைத்தால் ரயில் செலவு பாதியாகும். இதை ஆனி மாதத்திலேயே பேசிவிட வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு கேட்டால் ஊர் திரும்பும் டிக்கெட் போட்டிருப்பார்கள்.

கார்த்திகை முதல் தேதி மண்டல காலம் தொடங்கும். ஐயப்பன் கோயில்களில் செண்டைக்காரரும் பஜனைக் குழுக்களும் மூழ்கிவிடுவார்கள். அது உடுக்கைப் பாட்டுக்கு ஏற்ற மாதம். மார்கழியில் கர்நாடக இசைக்காரர்கள் எல்லாரும் சென்னையில் இருப்பார்கள், அவர்களைத் துரத்துவதில் பொருளில்லை. வெளிநாட்டு இசைக்காரர்கள் இந்தியாவில் சுற்றும் பருவமும் அதுதான், ஆகவே உலக நாட்டுப்புற இசைக்கு மார்கழி. தைப்பொங்கல் முடிந்து வளர்பிறையில் வெட்டவெளியில் வள்ளி கும்மி. மாசி தொடங்கினால் நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கிருந்து சித்திரை வரை பூரம், ‘வேலை’ எனப்படும் கோயில் திருவிழா, கணியார்களி ஆட்டம், தோல்பாவைக்கூத்து, மாரியம்மன் நோன்பு என்று எல்லாக் கலைஞருக்கும் அறுவடைக்காலம். மலையாள மீனம் (நம் பங்குனி) 20-இல் நெம்மாறை வல்லங்கி ‘வேலை’ வருகிற வாரத்தில் ஒரு பஞ்சவாத்தியக் குழுவைக் குறைந்த சன்மானத்துக்கு நம் மேடைக்கு இழுப்பது அவர்கள் வயிற்றில் அடிப்பதுதான்.

சுருதி கேட்பது

பாட்டுக் கச்சேரிக்குத் தேதியும் சன்மானமும் பேசும்போதே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: "உங்க சுருதி எத்தனை கட்டைங்க?" பல ஊர்க் குழுக்கள் இதைக் கேட்பதே இல்லை. முழுக் குழுவும் சேர்ந்தே வந்தால் பரவாயில்லை, அவர்களுக்குள் தெரியும். பாடகர் ஒரு ஊர், மிருதங்கம் ஒரு ஊர், கடம் ஒரு ஊர் என்று நாம் சேர்த்து வைக்கும்போது இந்த ஒரு தகவல் விட்டுப்போனால் கச்சேரியின் முதல் அரை மணி நேரம் போய்விடும்.

கணக்கு இதுதான். ஒரு கட்டை என்பது ஆர்மோனியத்தின் சி. ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். ஆண் குரல் பெரும்பாலும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், பெண் குரல் நான்கரைக்கும் ஆறுக்கும் நடுவில். இதற்குள் அடங்காதவர்களும் உண்டு. நம் பாலக்காட்டு மஞ்சப்பரையில் பிறந்த எம்.டி. ராமநாதன் (1923-1984) மிகத் தாழ்ந்த சுருதியில் பாடியவர், அந்தக் குரலின் கனமே அங்கிருந்து வந்ததுதான். தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குல மிருதங்கம், அதைத் தக்கு என்பார்கள். உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம், அது ஹெச்சு. ஒரு மிருதங்கத்தை அதன் இயல்பிலிருந்து அரைக் கட்டை ஏற்றலாம், அரைக் கட்டை இறக்கலாம். அதற்கு மேல் கல்லால் தட்டி ஏற்றினால் விளிம்பில் வார் நுழையும் கண் பிய்ந்துவிடும். இறக்கினால் நாதம் செத்துப்போய்ச் சட்டி மாதிரி ஒலிக்கும். கடத்தில் அந்தச் சலுகையும் கிடையாது. சூளையில் வெந்தபோது என்ன சுருதியோ அதுதான், ஆகவே கடக்காரருக்கு முன்கூட்டியே சொன்னால்தான் சரியான பானையை எடுத்துவருவார்.

மேடையில் மிருதங்கக்காரருக்கு என்னென்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி ரவை, ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு பருத்தித் துணி, இடது கைப்பக்கம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். ரவையைப் பிசைந்து தொப்பியின், அதாவது இடது பக்கத் தோலின், நடுவில் ஒட்டினால்தான் அந்தப் பக்கம் கீழ் ஷட்ஜத்துக்கு இறங்கிக் கும்மென்று பேசும். ரவை கூடினால் சுருதி இறங்கும், காய்ந்தால் ஏறும். கார்த்திகை, மார்கழியில் கிழக்குக் காற்று அடிக்கும்போது முக்கால் மணிக்குள் ரவை ஓரம் வெடித்துச் செதிலாக உதிரத் தொடங்கும். தொப்பி மெல்ல மெல்ல மேலே ஏறும். கேட்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் பாட்டின் அடித்தளம் ஆட்டம் கண்டதுபோல் இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இரண்டு விரலை நனைத்துத் தடவிவிட அந்தத் தண்ணீர்க் கிண்ணம் இல்லாவிட்டால் வித்வான் தவித்துப்போவார். கச்சேரி முடிந்ததும் ரவையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அதற்கு ஒரு பழைய ஸ்பூனும் காகிதமும் பக்கத்தில் இருக்கட்டும்.

தோல் கிழிந்தால் நாம் அதிர்ஷ்டக்காரர்கள். பாலக்காட்டுக்குப் பக்கத்திலேயே பெருவெம்பு இருக்கிறது. மிருதங்கம், மத்தளம், செண்டை, இடைக்கா என்று தோல்வாத்தியம் செய்வதையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு முறை போய் எந்த நாட்களில் நிகழ்ச்சி என்று சொல்லிவைத்தால் அவசரத்துக்குக் கைகொடுப்பார்கள். அவர்களுக்கு முன்வரிசையில் இடம் போடுங்கள். தாங்கள் செய்த வாத்தியம் எப்படிப் பேசுகிறது என்று கேட்க அவர்களைவிட உரிமை யாருக்கு?

தம்பூராவுக்கும் ஒரு வார்த்தை. பலாமரத்துத் தம்பூராவைக் காரிலிருந்து இறக்கியவுடன் சேர்த்தால் நிற்காது. முக்கால் மணி நேரமாவது அரங்கத்திலேயே வைத்திருந்து, பிறகு பஞ்சமம், இரண்டு மேல் ஷட்ஜம், கீழ் ஷட்ஜம் என்று சேர்த்து, குதிரைக்கும் தந்திக்கும் நடுவிலுள்ள நூலை நகர்த்தி ரீங்காரம் பார்க்க வேண்டும். கைப்பேசிச் செயலியைச் சுருதிக்கு வைத்தால் முதலில் விமானப் பயன்முறையில் போடுங்கள். ஆலாபனை நடுவில் அழைப்பு வந்தால் சுருதி அறுந்துபோகும்.

காற்றும் கூரையும்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவிலுள்ள கணவாய் வழியாகக் கார்த்திகையிலிருந்து மாசி வரை கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். உலர்ந்த காற்று. உதடு வெடிக்கும், தொண்டை வறளும், மைக்கில் புஸ்ஸென்று இரையும். வெளியில் மேடை போட்டால் கிழக்கு ஓரத்தில் மேற்கு பார்த்துப் போடுங்கள், முதுகுப்பக்கம் பலகையோ தென்னந்தட்டியோ அடைத்துவிடுங்கள். கலைஞர் முகத்தில் காற்று மோதாது, மைக்கின் வாய்க்குள்ளும் புகாது. இன்னொரு லாபமும் உண்டு. தரையருகே காற்றின் வேகம் குறைவு, உயரப் போகப் போக அதிகம். அதனால் காற்று போகும் திசையில் செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து கடைசி வரிசைவரை இறங்கும். எதிர்த்திசையில் அது மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். மேடையை மேற்கு ஓரத்தில் கிழக்கு பார்த்துப் போட்டுவிட்டுப் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. உள்ளரங்கமானால் கிழக்குச் சன்னல்களை மூடி மேற்குச் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

ஆடியில் கூரையைப் பாருங்கள். தகரக் கூரை கூடவே கூடாது. மழை பலமாக விழுந்தால் எந்தப் பெருக்கியும் அதை வெல்லாது. ஓட்டுக்கூரை நல்லது, கான்கிரீட்டும் ஆகும். நாயனத்துக்கு ஆடியின் ஈரம் உதவியும் செய்யும். வாயில் வைத்து ஊதும் சீவாளி கொறுக்கை நாணலில் செய்தது, நனைந்து பதமாக இருந்தால்தான் பேசும். மார்கழிக் காற்றில் அது அடிக்கடி உலர்ந்து கட்டையாகிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே நாயனக்காரரை உட்கார வைக்காதீர்கள், காரணம் இதேதான். 150 பேர் உட்காரும் அரங்கத்தில் நாயனத்துக்கும் தவிலுக்கும் மைக் வேண்டாம். முன்வரிசையைப் பதினைந்து அடி தள்ளிப் போடுங்கள், போதும். முடிந்தால் ஒத்து ஊதுகிறவரையும் சேர்த்து அழையுங்கள். சுருதிப்பெட்டி வந்தபின் ஒத்து அருகிவிட்டது. அந்த நீண்ட ஒற்றைச் சுரத்தின் மேல் நாயனம் ஏறும் சுகம் பெட்டியில் வராது.

கல்யாண மண்டபங்களின் பெரிய கோளாறு எதிரொலி. காலியான மண்டபத்தின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ஒலி இரண்டு நொடிக்கு மேல் இழுத்தால் ஜதியும் சொல்லும் குழம்பும். கிரானைட் தரையும் டைல்ஸ் சுவரும் இருந்தால் இழுக்கத்தான் செய்யும். தரை முழுக்கக் கயிற்றுப் பாய் விரியுங்கள். பின்சுவரில் பவானி ஜமுக்காளங்களைத் தொங்கவிடுங்கள், சுவரை ஒட்டிப் போடாமல் அரை அடி இடைவெளி விட்டு. ஒட்டிப் போட்டால் மேல்சுரங்களை மட்டும் உறிஞ்சும், இடைவெளி விட்டால் கொஞ்சம் தாழ்ந்த ஒலியையும் சேர்த்துப் பிடிக்கும். ஜமுக்காளத்தை வாடகைக்கு எடுப்பதைவிடப் பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்துக்கொள்வது மேல், உட்காரவும் ஆகும்.

மைக் விஷயத்தில் பாலக்காட்டுக்காரருக்கு ஒரு மரபு இருக்கிறது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912-1981) ஒலிபெருக்கி நாதத்தைக் கெடுக்கிறது என்று வெளிப்படையாக எதிர்த்தவர். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஒலிச்சோதனையை மைக் இல்லாமல் தொடங்குங்கள். பாடகர் பாடட்டும், கடைசி வரிசையில் ஒருவர் கேட்கட்டும். குறைவதை மட்டும் கூட்டுங்கள். பாடகருக்கு ஒரு சாண் தூரத்தில் ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு எதிரே ஒன்றரை அடி தள்ளி ஒன்று, தம்பூராவுக்குச் சின்னதாக ஒன்று. இந்த அளவு அரங்கத்துக்கு நான்கு மைக் தாராளம். தொப்பிக்கும் வலது பக்கமான வலந்தலைக்கும் தனித்தனி மைக்கை ஒட்டி வைத்தால் தொப்பி குண்டு போடுவதுபோல் விழுந்து, பாட்டை அமுக்கிவிடும். மேடைக் கச்சேரிக்குப் பழகிய ஒலிக்காரர் எக்கோவைத் தானாகவே போட்டுவிடுவார். வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள், நிகழ்ச்சி தொடங்கும் முன் இன்னொரு முறை பாருங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் எப்போதும் மைக்குகளுக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் நின்றால் ஊளையிடும்.

உடுக்கையும் பறையும் நெருப்பும்

இப்பகுதியில் சபாக்கள் நாட்டுப்புறக் கலையை நடத்தும் விதம் எனக்குப் பெரிய மனக்குறை. வரவேற்புக்கு வாசலில் பத்து நிமிடம் அடிக்கச் சொல்லிவிட்டு, உள்ளே குத்துவிளக்கு ஏற்றிக் கச்சேரி தொடங்குவது. உடுக்கையடிப் பாட்டுக்காரர் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை இரவு பல பாடக்கூடியவர். அவருக்கு ஒரு முழு மாலை கொடுங்கள். முழுக்கதை முடியாதுதான், ஆகவே ஒரு பகுதியைத் தேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். கொம்பன் பன்றி வேட்டை அப்படி எடுத்துப் பாட ஏற்ற பகுதி. அதற்குள் கதை, வசனம், சிரிப்பு, உக்கிரம் எல்லாம் வரும். எதைப் பாடுவது என்று அவரிடமே கேட்டு முடிவு செய்வது முறை: "வாத்தியாரே, இந்த சனத்துக்கு எந்த இடம் எடுத்தா நல்லாருக்கும்?" படுகளத்தை மட்டும் மேடையில் கேட்காதீர்கள். அது கோயிலில், நோன்பிருந்து, ஆட்கள் மயங்கி விழுந்து எழுப்பப்படும் சடங்கு. கைதட்டலுக்கு நடுவில் அதை வைப்பது அவர்களுடைய சாமியை அவமதிப்பது.

பறை, தப்பு வகைகளுக்கு நெருப்பு வேண்டும். தோலைக் காய்ச்சி இறுக்கினால்தான் அந்தக் கணீர் வரும். அரங்கத்துக்கு வெளியே, காற்றுக்கு மறைவில், வைக்கோலும் காய்ந்த தென்னோலையும் வைத்து ஓர் இடம் ஒதுக்குங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு ஆள். அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு காய்ச்சினால் சரி. அறிமுக உரை நீண்டால் தோல் தளர்ந்துவிடும், ஐப்பசி ஈரத்தில் கால் மணிகூடத் தாங்காது. ஆகவே பேச்சாளர்கள் முடித்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகே தீ மூட்டச் சொல்லுங்கள். கார்த்திகையில் இந்தத் தொல்லை குறைவு, உலர்காற்றே தோலைப் பாதி இறுக்கி வைத்திருக்கும். ஃபைபர் தோல் போட்ட பறைக்கு நெருப்பு வேண்டாம், ஆனால் அதன் ஒலி வேறு.

இடைக்காவுக்கு வேறு மரியாதை. அதைத் தரையில் வைக்கமாட்டார்கள். மேடைக்குப் பக்கத்து அறையில் தோளுயரத்தில் ஒரு கொக்கி அடித்து வையுங்கள். வார்களில் தொங்கும் 64 பொடிப்புக் குஞ்சங்கள் நசுங்காமல் இருக்கும். மைக்கை அதன் முகத்துக்கு நேரே நீட்டாமல் பாடகரின் மைக்கிலேயே விழவிடுங்கள். சோபானத்தில் பாட்டும் இடைக்காவும் ஒரே மூச்சில் போக வேண்டும். ஞெரளத்து ராமப் பொதுவாள் (1916-1996) கோயில் நடையிலிருந்து அதைப் பொது அரங்குக்குக் கொண்டுவந்தவர். விளக்கின் பக்கத்தில் நின்று பாடும் அந்த அமைப்பை மேடையிலும் மாற்றாமல் வைத்தால் நன்றாக இருக்கும்.

இருளர் குழுவையும் கும்மிக் குழுவையும் மேடையில் ஏற்றாதீர்கள். இரண்டும் வட்டத்தில் ஆடுபவை. கொகலும் தவிலும் ஜால்ராவும் நடுவில் இருக்க ஆட்டம் சுற்றி வரும், பார்ப்பவர் அதைச் சுற்றி உட்கார வேண்டும். ஐம்பது பேர் ஆடும் வள்ளி கும்மிக்கு நாற்பதடி விட்டமாவது வேண்டும். தரையில் சாணி தெளித்து முள், கல் பொறுக்கிவிடுங்கள், வெறுங்காலோடு ஆடுவார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கரிசல் மண் இருப்பது தெரியும். ஐப்பசி மழையில் அந்த மண்ணில் வண்டி இறங்கினால் ஏறாது, பந்தல் காலும் நிற்காது. தையில் அது காய்ந்து வெடித்திருக்கும், வெடிப்புகளை மண் போட்டு அடைத்துத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். இதற்கு இரண்டு நாள் முன்பே ஆள் விடுங்கள்.

தோல்பாவைக்கூத்துக்கு அரங்கத்தில் சுருக்க வடிவம் தருகிற குழுக்கள் உண்டு. திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு எரிய வேண்டும். தேங்காய் எண்ணெய், திரி எல்லாம் தயாராக இருக்கட்டும், மின்விசிறி அத்தனையும் நிற்கட்டும். ஒரு விசிறி சுற்றினாலும் நிழல் நடுங்கும். கம்பன் பாடலைச் சொல்லி விளக்கும்போது நம் ஊர்த் தமிழருக்கு ஒரு பரவசம் வரும், அது வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

பழைய இசை, தூரத்து இசை

தேவாரப் பண்ணிசைக்கு ஓதுவார் ஒருவர், தாளம், வேண்டுமானால் வயலின். திருத்தாண்டகம் போன்றவற்றைத் தாளமில்லாமல் சுத்தாங்கமாகப் பாடுவார்கள், பதிகங்களைத் தாளத்தோடு பண்ணாங்கமாக. மிருதங்கத்தை எல்லாவற்றுக்கும் வைத்து அடைக்காதீர்கள். நிகழ்ச்சித் தாளில் பண்ணின் பெயருக்குப் பக்கத்தில் இன்று வழங்கும் ராகத்தையும் போட்டால் கேட்பவருக்குப் பிடி கிடைக்கும். தக்கராகத்துக்குக் காம்போதி, கௌசிகத்துக்குப் பைரவி, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி. தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடுங்கள், ஒரே பக்கத்தில் இரு பத்தியாக.

மார்கழியில் ஐரோப்பியப் பழைய இசைக்காரர்களோ நாட்டுப்புறக் குழுவோ வந்தால் நம் ஊர்க் கலைஞரோடு சேர்த்து வைக்க எல்லாருக்கும் ஆசை வரும். சேர்க்கும் முன் சுருதிக் கணக்கைப் பாருங்கள். பரோக் கால (17, 18-ஆம் நூற்றாண்டு) இசையை இன்று வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைப்பார்கள். வழக்கமான 440-ஐவிட அது அரைச்சுரம் தாழ்வு. அவர்களுடைய டி நம் ஒன்றரைக் கட்டையில் வந்து விழும். ஒன்றரைக் கட்டையில் பாடுகிற ஆண் குரலோடு அப்படியே பொருந்திவிடும், ஐந்தரைக் கட்டைப் பாடகியோடு சேர அவர்கள் தங்கள் ஏ சுரத்தை ஷட்ஜமாக வைக்க வேண்டும். அவர்களிடம் விசைப்பலகை வாத்தியம் இருந்து அதை மீன்டோன் என்ற பழைய ஐரோப்பியச் சுருதிமுறையில் சேர்த்திருந்தால் அந்தர காந்தாரம் தேனாக ஒலிக்கும், பஞ்சமம் மட்டும் தம்பூராவோடு லேசாக அலை அடிக்கும். அப்போது தம்பூராவில் பஞ்சமத்தை விட்டு ஷட்ஜங்களை மட்டும் மீட்டச் சொன்னால் சரியாகும். ஆட்டுக்குடல் நரம்பு கட்டிய வாத்தியங்கள் கிழக்குக் காற்றில் நிமிடத்துக்கு ஒரு முறை சுருதி மாறும். அவர்கள் அறையில் ஓர் ஈரத்துணியைத் தொங்கவிட்டு, மேடைக்கு வரும்வரை வாத்தியத்தைப் பெட்டியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மரபுகளைச் சேர்க்க எளிய கதவு, வாயில் வைத்து மீட்டும் முகர்சிங். ராஜஸ்தானில், ஆஸ்திரியாவில், சைபீரியாவின் யாகூத்தியாவில், நம் கச்சேரியில் எல்லாம் அதே இரும்பு நாக்குதான். சுருதி சற்றுக் கூடினால் நாக்கின் நுனியில் தேன்மெழுகு ஒரு கடுகளவு ஒட்டினால் இறங்கும். கஞ்சிராவை வைத்து வளையச் சட்டத்தில் தோல் கட்டிய உலகத்துச் சட்டகப் பறைகளோடு ஒரு தனி ஆவர்த்தனமும் அமைக்கலாம். அதில் ஒரு எச்சரிக்கை. பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோல். உடும்பு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ போட்ட கஞ்சிராவைக் கேட்டு வாங்குங்கள், வெளிநாட்டு விருந்தினருக்கு உடும்புத் தோல் கஞ்சிராவைப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

அனுமதியும் பணமும்

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். ஒன்பதேகாலுக்கு மங்களம் பாடும்படி அமைத்தால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் போகிறவர்கள் நேரத்தோடு கிளம்பவும் முடியும். பாட்டு உரிமையைப் பொறுத்தவரை தியாகராஜர், தீட்சிதர், சுவாதித் திருநாள் யாருக்கும் தடையில்லை. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், சட்டப்படி அறுபது ஆண்டு கணக்கில் அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை உண்டு. தொழில்முறையல்லாத மன்றம் கட்டணமில்லாமல் கேட்பவர்களுக்கு நடத்தும் நிகழ்ச்சிக்குச் சட்டமே விலக்கு தருகிறது. நுழைவுச்சீட்டு விற்றாலும், பதிவுசெய்து இணையத்தில் ஏற்றினாலும் கதை வேறு. பதிவுக்குக் கலைஞரிடம் கையெழுத்து வாங்குங்கள், நாட்டுப்புறக் கலைஞரிடமும்தான்.

சன்மானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கச்சேரிக்கு நான்கு பேர், கும்மிக்கு ஐம்பது பேர். இருவருக்கும் ஒரே தொகை என்றால் சமமாகத் தெரியும், பிரித்தால் கும்மி ஆடியவருக்கு வண்டிச் செலவும் மிஞ்சாது. வண்டி, சாப்பாடு இரண்டையும் சன்மானத்தில் கழிக்காமல் தனியாக ஒதுக்குங்கள். பாடகரும் நாயனக்காரரும் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முன் சாப்பிடமாட்டார்கள். சுக்கு வெந்நீர் கொடுத்துவிட்டு, முடிந்ததும் சூடாக இலை போடுங்கள். கும்மிக்காரருக்கு முன்னாலும் ஏதாவது வேண்டும், பெண்களுக்கு உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் வேண்டும். அறிவிப்பில் பக்கவாத்தியக்காரர் பெயரைச் சொல்வதுபோலவே பறையடிப்பவர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லுங்கள். சால்வை போட்டால் எல்லாருக்கும் ஒரே சால்வை. பணத்தை உறையில் போட்டு, வண்டி ஏறுவதற்கு முன் குழுத் தலைவர் கையில் எண்ணிக் கொடுத்துவிடுங்கள். வயதான உடுக்கைக்காரரிடம் வங்கிக் கணக்கு எண் கேட்டு இரண்டு வாரம் இழுக்காதீர்கள்.

தை கும்மி முடிந்த வாரத்திலேயே கணக்கை அச்சிட்டு வாசகசாலையிலும் டீக்கடையிலும் ஒட்டிவிட்டால் அடுத்த ஆண்டு வசூலுக்குப் போகும்போது யாரும் முகம் திருப்பமாட்டார்கள். நாயன ஜோடிக்கு ஆடிச் சனிக்கிழமையைச் சொல்லிவைப்பது பங்குனிக்குள் முடிந்துவிட வேண்டும், கல்பாத்திக்கு வருகிறவர்களைப் பிடிப்பது ஆனிக்குள்.